நடப்பவர்க்கு உரிய நகர்மையம்: புனே நகரம் கற்பிக்கும் பாடங்கள்

ஒரு நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டால், அதன் மக்கட்டொகையையோ பரப்பையோ தொழிற்சாலைகளின் எண்ணிக்கையையோ எடுத்துக் கூறுவது வழக்கம். அந்நகரில் வாழும் எழுபது வயது மூதாட்டி ஒருவர் துணையின்றி வீட்டிலிருந்து புறப்பட்டு, மருந்துக் கடைக்கும் காய்கறிச் சந்தைக்கும் அஞ்சலகத்துக்கும் நடந்து சென்று, அச்சமின்றித் திரும்ப இயலுமா என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. நகரத்தின் நலத்தை அளக்க இதனினும் நேரிய கேள்வி வேறில்லை.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது, நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 பேர் நடந்து சென்ற குற்றத்துக்காக உயிரிழந்தனர். ஒரு பள்ளியின் இரண்டு வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் தொகைக்கு இது சமம். நடக்கத்தக்க தெரு என்பது அழகுக்காகச் செய்யப்படும் செலவு என்று எண்ணுவோர் இவ்வெண்ணை மனத்திற்கொள்ள வேண்டும்.

சுற்றிலும் பரந்து விரிந்துவிட்ட ஒரு நகரம், நடப்பவர்க்கு ஏற்ற மையம் ஒன்றைத் தனக்கென எவ்வாறு படிப்படியாக அமைத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். மகாராஷ்டிர மாநிலத்தின் புனே நகரமும், அதனை அடுத்துள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரமும் இம்முயற்சியில் சில ஆண்டுகளாக ஈடுபட்டுள்ளன. அவை கண்ட வெற்றியும் தடையும் நம் நாட்டின் பிற நகரங்களுக்கும் பயன்படுவன.

பேட்டைகளின் நகரம்

பழைய புனே பல பேட்டைகளால் ஆனது. மராத்தி மொழியில் ‘பேட்’ என்று வழங்கும் சொல், நம் ‘பேட்டை’ என்னும் சொல்லுக்கு நெருங்கியது. கஸ்பா பேட்டை இவற்றுள் மிகத் தொன்மையானது. சனிவார், புத்வார், சுக்ரவார், ரவிவார் எனக் கிழமைகளின் பெயரால் வழங்கும் பேட்டைகள் பேஷ்வாக்களின் காலத்தில் செழித்தன. சனிவார் வாடா என்னும் அரண்மனை 1732-இல் கட்டி முடிக்கப்பட்டது.

இப்பேட்டைகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் வீடு. ஒரு சந்தில் செம்புக் கொல்லர், அடுத்த சந்தில் பாத்திர வணிகர். குறுகிய தெருக்கள், அடிக்கடி வரும் சந்திப்புகள். புத்தகம் வாங்க அப்பா பல்வந்த் சௌக், வீட்டுப் பொருள்களுக்குத் துளசிபாக், சேலைக்கும் நகைக்கும் லட்சுமி சாலை, காய்கறிக்கு 1886-இல் திறக்கப்பட்ட மண்டி. இவையாவும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லத்தக்க தொலைவில் உள்ளன. எந்தப் பொறியாளரும் ‘நடக்கத்தக்க மையம்’ என்று திட்டமிட்டு இதனை அமைக்கவில்லை. நடையே போக்குவரத்தாக இருந்த காலத்தில் நகரம் இவ்வாறு தானே உருவாயிற்று. நம் மதுரை மாநகரில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கும் வீதிகளும் இத்தகையனவே.

நகரம் விரிந்த கதை

1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து, ஆற்றோரப் பேட்டைகளை வெள்ளம் அழித்தது. வீடிழந்தோர்க்காக நகரின் புறத்தே புதிய குடியிருப்புகள் எழுந்தன. அதற்கு முன்பே, 1954-இல், பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசு மருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டிருந்தது. அதனைத் தொடர்ந்து மும்பைச் சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள் பெருகின. பின்னர் கணிப்பொறித் தொழில் வந்தது. சுற்றியிருந்த சிற்றூர்கள் ஒவ்வொன்றாக நகரோடு இணைந்தன. 2021-இல் மேலும் 23 ஊர்கள் சேர்க்கப்பட்டபோது, புனே மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 516 சதுரக் கிலோமீட்டராயிற்று.

புதிய புறநகர்கள் நடப்பவரை எண்ணி அமைக்கப்படவில்லை. வீடு ஓரிடம், கடை ஓரிடம், அலுவலகம் வேறோரிடம் எனப் பிரிந்தன. மதில் சூழ்ந்த குடியிருப்பு வளாகங்கள் குறுக்கு வழிகளை அடைத்தன. முன்னொரு காலத்தில் மிதிவண்டிகளின் நகரம் எனப் புகழ்பெற்ற புனேயில், மோட்டார் சைக்கிளும் காரும் இன்றியமையாதன ஆயின. 2018-ஆம் ஆண்டளவில், பதிவு செய்யப்பட்ட வண்டிகளின் தொகை அங்கு வாழும் மக்களின் தொகையையே விஞ்சிவிட்டதாக அதிகாரிகள் அறிவித்தனர்.

நடைத் தொலைவின் கணக்கு

நடக்கத்தக்க மையம் என்பது யாது? சிறிய கணக்கொன்றால் இதனை விளக்கலாம். இயல்பாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர் செல்கிறார். ஐந்து நிமிடத்தில் அவர் கடப்பது 400 மீட்டர். நாள்தோறும் சலிப்பின்றி நடக்க மக்கள் விரும்பும் தொலைவு இதுவே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு பேருந்து நிலையத்தை நடுவாக வைத்து 400 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்தால், அதன் பரப்பு சுமார் 50 ஹெக்டேர். எல்லாத் திசைகளிலும் நேராக நடக்க முடிந்தால் மட்டுமே இப்பரப்பு முழுதும் ஐந்து நிமிட நடைக்குள் அடங்கும். தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்திருந்தால், நாம் வளைந்து திரும்பிச் செல்ல வேண்டியிருப்பதால், எட்டக்கூடிய பரப்பு 32 ஹெக்டேராகக் குறைகிறது. நடுவே நீண்ட மதில்களும் முட்டுச் சந்துகளும் குறுக்கிட்டால் இன்னும் பெரிதும் சுருங்கிவிடும். ஹெக்டேருக்கு 200 பேர் வாழ்வதாகக் கொண்டால், முதல் நிலையில் 10,000 பேரும், இரண்டாம் நிலையில் 6,400 பேரும் கடைத்தெருவுக்கு நடந்து வரத்தக்க தொலைவில் இருப்பர். மதிலில் ஒரு சிறிய வாயிலைத் திறந்துவிட்டால் சில நூறு வாடிக்கையாளர்கள் புதிதாகக் கிடைக்கலாம் என்பது இதனால் விளங்கும். ஆகவே நகர்மையத்தை அமைப்போர் முதலில் தேட வேண்டுவது, மூடிக் கிடக்கும் குறுக்கு வழிகளையே.

முதற்படி: ஒத்திகை

தெருவை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது, மாற்றவும் கூடாது. கல்லும் சிமெண்டும் இட்ட பின்னர்ப் பிழை கண்டால் திருத்துவது அரிது. முதலில் தற்காலிகமாகச் செய்து பார்த்தல் நன்று.

புனே மாநகராட்சி 2016-இல் பாதசாரிகளின் வசதிக்கும் பாதுகாப்புக்குமான கொள்கையையும், நகர்ப்புறத் தெருக்களை வடிவமைப்பதற்கான நெறிமுறைகளையும் வகுத்தது. அதே ஆண்டில் ஔந்த் என்னும் புறநகர்ப் பகுதியில், நிலையான கட்டுமானத்துக்கு முன்பாக, தற்காலிகத் தடுப்புகளையும் வண்ணப் பூச்சையும் கொண்டு சாலையின் ஒரு பகுதி நடப்பவர்க்கும் மிதிவண்டிகளுக்கும் ஒதுக்கப்பட்டு, மக்களின் கருத்து அறியப்பட்டது. அதன் பின்னரே அகன்ற நடைபாதையும், அமர்வதற்கு இருக்கைகளும், மிதிவண்டித் தடமும் அமைக்கப்பட்டன. நகரின் நடுவே ஜங்கலி மகாராஜ் சாலையிலும் அகன்ற நடைபாதைகள் உருப்பெற்றன. மாலைப் பொழுதில் முதியோர் அமர்ந்து பேசுவதற்கும் குழந்தைகள் விளையாடுவதற்கும் அவ்விடம் பயன்பட்டது.

பழைய பேட்டைகளிலும் ஓர் ஒத்திகை நடைபெற்றது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், மாநகராட்சி ‘பாதசாரிகள் தினம்’ கொண்டாடி, லட்சுமி சாலையின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடியது. நெரிசலுக்குப் பெயர்போன அச்சாலையின் நடுவே மக்கள் அச்சமின்றி உலவினர். பின்னர் வந்த ஆண்டுகளிலும் அந்நாள் அவ்வாறே கொண்டாடப்பட்டது. எனினும் மறுநாள் வண்டிகள் திரும்பின. ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் விழா வழியைக் காட்டலாம், அதுவே வழியாகிவிடாது. அடுத்து மாதத்துக்கு ஒரு நாள், பின்பு வாரத்துக்கு ஒரு நாள், பின்பு நாள்தோறும் மாலை வேளை என நீட்டினால்தான் ஒத்திகை வழக்கமாக மாறும்.

டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகன் இதற்குத் தக்க சான்று. 1962-இல் அந்நகரின் பெரிய கடைத்தெருவான ஸ்ட்ரோகெட் வண்டிகளுக்கு மூடப்பட்டபோது வணிகர்கள் கவலையுற்றனர். குளிர் மிகுந்த நாட்டில் எவர் தெருவில் உலவுவர் என்று பலர் ஐயுற்றனர். மக்கள் திரண்டு வந்தனர். நகராட்சி அவசரப்படாமல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வண்டி நிறுத்துமிடங்களைக் குறைத்து, அடுத்தடுத்த தெருக்களையும் சதுக்கங்களையும் நடப்பவர்க்கு அளித்தது. தொடக்கத்தில் ஏறக்குறைய 16,000 சதுர மீட்டராக இருந்த அப்பரப்பு, நாற்பதாண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர மீட்டராக வளர்ந்தது.

நடைபாதையின் இலக்கணம்

நடைபாதை இருந்தும் மக்கள் சாலையில் இறங்கி நடப்பதை நாம் எங்கும் காண்கிறோம். மக்களுக்கு ஒழுங்கில்லை என்று இதற்குக் காரணம் கூறுவோர் உளர். நடைபாதையை அளந்து பார்த்தால் உண்மைக் காரணம் விளங்கும்.

இந்தியச் சாலைகள் பேரவையின் நெறிமுறைகளின்படி, தடையின்றி நடப்பதற்கான இடம் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் உடையதாய் இருத்தல் வேண்டும். இரு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல இவ்வகலம் தேவை. கடைத்தெருவில் இதனினும் மிகுதியாக வேண்டும். சாலை மட்டத்திலிருந்து நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. முழங்கால் அளவு உயர்ந்த நடைபாதையில் மூட்டுவலி உள்ளவர் எவ்வாறு ஏறுவர்? அவர் சாலையிலேயே நடப்பார்.

நல்ல நடைபாதை மூன்று கீற்றுகளாகப் பிரிந்திருக்கும். கடைகளை ஒட்டிய கீற்று, பொருள்களைப் பார்த்து நிற்போர்க்கு உரியது. நடுக்கீற்று நடப்போர்க்கு மட்டுமே உரியது. சாலையை ஒட்டிய கீற்றில் மரம், விளக்குக் கம்பம், மின்மாற்றி, இருக்கை, தெரு வியாபாரியின் வண்டி ஆகியன இடம்பெறும். நடுக்கீற்றில் ஒரு மின்பெட்டியை வைத்துவிட்டால், நூறு மீட்டர் நடைபாதை முழுதும் பயனற்றதாகிவிடக்கூடும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில் இருப்பதுபோல், நடைபாதையின் அகலம் அதன் குறுகிய இடத்தில் இருக்கிறது.

வளாகங்களின் வாயில்கள் வரும் இடங்களில் நடைபாதையை வெட்டிப் பள்ளமாக்குவது பெருவழக்கு. நடைபாதை ஒரே மட்டமாகத் தொடர, காரே சரிவில் ஏறி இறங்குமாறு செய்தல் முறை. இருசக்கர வண்டிகள் நடைபாதையில் ஏறாதபடி சிறு தூண்கள் நடப்படுகின்றன. ஆனால் சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். அவ்விடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழைந்துவிடும். ஆதலின் தூண் மட்டும் போதாது. காவலரின் கண்காணிப்பும் மக்களின் கண்டிப்பும் உடன் வேண்டும்.

கட்டியதைப் பேணுவதும் கட்டுவதற்கு ஒப்பான கடமையே. ஜங்கலி மகாராஜ் சாலை 1976-இல் அமைக்கப்பட்டபோது, பத்தாண்டுகளுக்குப் பழுதுபடாது என்று ஒப்பந்தக்காரர் உறுதி அளித்திருந்தார். அவ்வுறுதி காக்கப்பட்டதைப் புனே மக்கள் இன்றும் எடுத்துக்கூறுகின்றனர். சாலைக்குக் கேட்கப்பட்ட அத்தகைய உறுதியை நடைபாதைக்கும் கேட்கலாம்.

வேகமும் உயிரும்

நகர்மையத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைப்பது அடுத்த படி. இதன் தேவையைப் பள்ளிப் பௌதிகத்தைக் கொண்டே அறியலாம். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. மோதலின் கொடுமை இதனால் மிகுகிறது.

ஒரு குழந்தை திடீரென்று சாலையில் இறங்குவதாகக் கொள்வோம். அதனைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அந்த ஒரு வினாடியில் 8.3 மீட்டர் சென்று, பிரேக் பிடித்தபின் உலர்ந்த நல்ல சாலையில் மேலும் ஏறக்குறைய 5 மீட்டர் சென்று நின்றுவிடும். மொத்தத் தொலைவு 13 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரோ, ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 13.9 மீட்டர் கடந்துவிடும். ஆகவே 13.5 மீட்டர் தொலைவில் குழந்தை நின்றால், முதல் வண்டி அதனருகே வந்து நிற்கும். இரண்டாவது வண்டி வேகம் சிறிதும் குறையாமல் மோதும். இரு வேகங்களுக்கிடையே உள்ள வேற்றுமை 20 கிலோமீட்டர். விளைவில் உள்ள வேற்றுமை ஓர் உயிர்.

சாலையை ஒருவழியாக்குவதும் அகலமாக்குவதும் வேகத்தைத் தூண்டுவன. கடப்போர்க்கும் நீண்ட தொலைவு ஏற்படுகிறது. இளைஞர் ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடந்து, 12 மீட்டர் அகலமுள்ள சாலையைப் பத்து வினாடியில் கடப்பார். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவர்க்கு 15 வினாடி வேண்டும். பச்சை விளக்கு பத்து வினாடி மட்டுமே எரிந்தால், முதியவர் சாலையின் மூன்றில் இரு பங்கைக் கடந்த நிலையில் வண்டிகள் பாயத் தொடங்கும். சந்திப்புகளில் நடைபாதையை முன்னோக்கி அகலப்படுத்தியும், நடுவே நின்று செல்ல மேடை அமைத்தும், கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தியும் இக்குறையைப் போக்கலாம்.

வண்டி நிறுத்தும் இடம்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுவே. ஔந்த் பகுதியில் நடைபாதைகள் அகலமானபோது, சாலை குறுகிவிட்டது, வண்டி நிறுத்த இடமில்லை என்று வணிகர் சிலரும் குடியிருப்போர் சிலரும் முறையிட்டனர். அவர்களது அச்சத்தை எள்ளுதல் தகாது. அன்றாட விற்பனையை நம்பி வாழ்பவர்க்கு ஒரு மாத நட்டமும் பெரிதே.

எனினும் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. கடைக்கு முன்னே ஐந்து மீட்டர் நீளமுள்ள இடத்தில் ஒரு கார் காலை முதல் மாலை வரை நின்றால், அவ்விடத்தால் பயன்பெறுபவர் ஒருவரே. சில வேளைகளில் அவர் கடையின் உரிமையாளராகவே இருப்பார். கட்டணம் விதித்து, அரைமணிக்கு ஒருவர் மாறி மாறி நிறுத்துமாறு செய்தால், பத்து மணி நேரத்தில் அதே இடம் 20 வாடிக்கையாளர்க்குப் பயன்படும். இலவச இடம் வணிகத்தை வளர்ப்பதாகத் தோன்றினும், உண்மையில் அது வாடிக்கையாளரைத் தடுக்கிறது.

புனே மாநகராட்சி 2018-இல் வண்டி நிறுத்தக் கட்டணக் கொள்கையைக் கொணர்ந்தது. பலத்த எதிர்ப்பு எழவே, சில சாலைகளில் மட்டும் சோதனையாகச் செய்வது என்று சுருக்கி ஏற்கப்பட்டது. அச்சோதனையும் நெடுங்காலம் தொடங்கப்படாமல் நின்றது. விளைவு யாது? நடைபாதை அகலமாயிற்று, சாலையோர நிறுத்தம் ஒழுங்குபடவில்லை, வண்டிகள் நடைபாதையின்மேல் ஏறின. ஒரு படியைத் தாண்டிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தால் தடுமாற்றம் நேரும் என்பதற்கு இது சான்று.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தைத் தமிழ் வாசகர் பலர் அறிவர். அங்கும் முதலில் வண்டியில்லா நாட்கள் ஒத்திகையாக நடத்தப்பட்டன. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் சாரா போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டையேனும் நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவது என்ற குறிக்கோளை வகுத்திருந்தது. கொள்கை முன்னும், ஒத்திகை நடுவும், கட்டுமானம் பின்னுமாக வருதல் நலம்.

தெரு வியாபாரிகளையும் மறத்தல் கூடாது. பூவும் பழமும் விற்போர் இருக்கும் தெருவில் மாலை வேளையில் ஒளியும் நடமாட்டமும் உண்டு; பெண்கள் அச்சமின்றி நடப்பர். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், அவர்களைக் கணக்கெடுத்து உரிய இடம் ஒதுக்குமாறு பணிக்கிறது. சாலையை ஒட்டிய கீற்றில் அளவு குறித்து இடம் தந்தால், அவர் பிழைப்பும் நிற்கும், நடுக்கீற்றும் தடைப்படாது.

மையமே இல்லாத நகரம்

பழைய புனேக்கு மையம் முன்னரே உண்டு. அதனை மீட்டால் போதும். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் நிலத்தடி மெட்ரோ ரயில் பேட்டைகளின் அடியே ஸ்வார்கேட் வரை ஓடத் தொடங்கியபின், மண்டிக்குச் செல்வோர் வண்டி கொணர வேண்டிய கட்டாயம் குறைந்துள்ளது. பேருந்திலும் ரயிலிலும் வந்து இறங்குவோர் அனைவரும் பாதசாரிகளே என்பதைத் திட்டமிடுவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரின் நிலை வேறு. பல சிற்றூர்களையும் தொழிற்பேட்டைகளையும் சேர்த்து 1982-இல் மாநகராட்சியான இந்நகரில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 17 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அகன்ற மும்பைச் சாலை நகரை இரு கூறாகப் பிளக்கிறது. இங்கு ஒரே மையத்தைத் தேடுவதைவிட, பல சிறு மையங்களை வளர்த்து அவற்றை நடைபாதைகளால் இணைப்பதே இயலக்கூடியது. பிம்ப்ளே சௌதாகர், பிம்ப்ளே குரவ் ஆகிய பகுதிகளில் தெருக்கள் இந்நோக்கில் திருத்தி அமைக்கப்பட்டன. நிக்டி பிராதிகரண் பகுதியில், ‘ஹரித் சேது’ என்னும் பெயரால், வீடுகளையும் பள்ளிகளையும் பூங்காக்களையும் நடைபாதையாலும் மிதிவண்டித் தடத்தாலும் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. மத்திய அரசு நடத்திய ‘மக்களுக்கான தெருக்கள்’ போட்டியில், 2022-இல் அறிவிக்கப்பட்ட 11 வெற்றி நகரங்களுள் புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் இரண்டும் இடம்பெற்றன.

சிறு மையம் ஒன்று தழைக்க வேண்டுவன யாவை? மெட்ரோ அல்லது பேருந்து நிலையம் ஒன்று; அதனைச் சுற்றி ஐந்து நிமிட நடைக்குள் வீடுகள்; கீழ்த்தளத்தில் கடைகள்; ஒரு நூலகமோ மருத்துவமனையோ பள்ளியோ; நிழல் தரும் மரங்கள். மதில்களுக்குப் பதிலாகத் தெருவை நோக்கித் திறக்கும் வாயில்கள் வேண்டும். கட்டட அனுமதி வழங்கும்போது ஒவ்வொரு மனையிலும் இவ்விதியைக் கடைப்பிடித்தால், இருபது ஆண்டுகளில் தெருவின் முகமே மாறிவிடும். அன்றாடம் அனுமதிக் கோப்பில் கையொப்பமிடும் அலுவலரே நகரை அமைப்பவர் என்று கூறின் மிகையாகாது.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கன

நகர அமைப்பு வல்லுநர்க்கு மட்டும் உரிய கலை என்று எண்ண வேண்டா. அளவுநாடா, கைக்கடிகாரம், குறிப்பேடு ஆகிய மூன்றும் இருந்தால், எட்டாம் வகுப்பு மாணவரும் தம் ஊர்க் கடைத்தெருவை ஆராயலாம். ஆசிரியர் ஒருவர் உடனிருத்தலும், மாணவர் சாலையில் இறங்காது ஓரத்தில் பாதுகாப்பாக நிற்றலும் கட்டாயம். கீழ்க்காணும் ஐந்து அளவைகள் தொடக்கத்துக்குப் போதுமானவை.

முதலாவது, நடைபாதையின் அகலம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒருமுறை, தடை நீங்கிய அகலத்தை அளந்து குறிக்க. 1.8 மீட்டருக்குக் குறைந்த இடங்களையும், குறைவின் காரணத்தையும் படத்தில் காட்டுக.

இரண்டாவது, நடப்போர் எண்ணிக்கை. பதினைந்து நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மணிக்கான தொகை கிடைக்கும். நடைபாதையில் செல்வோர், சாலையில் இறங்கிச் செல்வோர் எனப் பிரித்தும், முதியோர், குழந்தைகள், பெண்கள் எனப் பிரித்தும் எழுதுக. ஒரு தெருவில் முதியோரே காணப்படவில்லை எனில், அங்கு முதியோர் வாழவில்லை என்பது பொருளன்று. அவர்கள் வெளியே வர அஞ்சுகின்றனர் என்பதே பெரும்பாலும் பொருள்.

மூன்றாவது, வண்டிகளின் வேகம். சாலையோரத்தில் 50 மீட்டரை அளந்து இரு குறியிடுக. அத்தொலைவை வண்டி ஆறு வினாடியில் கடந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். 3.6 வினாடியில் கடந்தால் 50 கிலோமீட்டர்.

நான்காவது, சாலையைக் கடக்கும் நேரம். இளைஞரும் முதியவரும் எடுத்துக்கொள்ளும் வினாடிகளைத் தனித்தனியே குறித்து, பச்சை விளக்கின் நேரத்தோடு ஒப்பிடுக.

ஐந்தாவது, வண்டி நிறுத்தம். அரைமணிக்கு ஒருமுறை, நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி மூன்று எண்களை மட்டும் எழுதுக. எத்தனை வண்டிகள் நாள் முழுதும் அசையாமல் நின்றன என்பது மாலையில் தெரிந்துவிடும்.

இவ்வளவைகளை ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். வணிகர் சங்கத்தின் கூட்டத்தில் கருத்துக்கு எதிராகக் கருத்தை வைத்தால் பூசல் விளையும்; எண்களை வைத்தால் உரையாடல் தொடங்கும். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே எனக் கூறியுள்ளது. சட்டத்தின் துணையும் மாணவர் எடுத்த அளவைகளும் ஒன்றுசேரும்போது, ஊராட்சியாயினும் மாநகராட்சியாயினும் செவிசாய்க்காதிருத்தல் அரிது.

புனேயின் பேட்டைகள் பல தலைமுறைகளில் உருவாயின. அவற்றின் நடை வசதி சில பத்தாண்டுகளில் குலைந்தது. அதனை மீட்கும் பணியும் சில பத்தாண்டுகள் நீளலாம். ஆண்டுக்கு ஒரு தெரு என்று எடுத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்து, அளந்து, திருத்தி, பின்னர்க் கல் பதித்துச் சென்றால், இன்று பள்ளியில் பயிலும் சிறுமி தன் மகளைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும் காலத்துக்குள் பத்திருபது தெருக்கள் கிடைத்துவிடும். ஒரு நகர்மையத்துக்கு அவ்வளவு போதும். முதல் தெருவைத் தேர்ந்தெடுக்கும் முன் அதனை அளந்தறியும் பணியை உங்கள் பள்ளியோ அலுவலகமோ இவ்வாண்டே தொடங்கலாம்.